ஸ்க்ரூ டிரைவர் நுழையும் லேப்டாப்

எங்கள் தெருவில் எந்த வீட்டுப் பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் கிடைத்தாலும், அடுத்த வாரம் எங்கள் வாசலில் ஒரு ஜோடி செருப்பு கூடுதலாகக் கிடக்கும். “அக்கா, எந்த லேப்டாப் வாங்கலாம்?” தண்டையார்பேட்டையில் பத்து வருஷமாக இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வேலை கிண்டியில், ஒரு கம்பெனியில் பேக்எண்ட், அதாவது சர்வர் பக்கத்து நிரல், எழுதுகிறேன். சொன்னதையே சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் இந்தத் தடவை எழுதியே வைத்துவிடுகிறேன்.

என் நைனா காசிமேட்டில் விசைப்படகு இன்ஜின் மெக்கானிக்காக இருந்தவர். லேப்டாப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. முதல் வேலையில் சேர்ந்து ஆறு மாதம் சேர்த்த காசில், மெல்லிசாக, பார்க்க அம்சமாக இருந்த ஒன்றை வாங்கி வந்தேன். அதை இப்படியும் அப்படியும் புரட்டிப் பார்த்துவிட்டு, “இத எங்கம்மா கழட்டறது?” என்றார். ரேமையெல்லாம் (ஓடிக்கொண்டிருக்கும் வேலைகளைத் தாங்கும் நினைவகம்) போர்டிலேயே பற்றவைத்துவிடுவார்கள், கழற்ற முடியாது என்றேன். “கழட்ட முடியாத இன்ஜின எவனாவது கடலுக்கு எடுத்துனு போவானா?” என்றார். அப்போது சிரித்தேன். ஒன்றரை வருஷம் கழித்து டாக்கர் என்ற டெவலப்பர் டூலும் பிரவுசரும் சேர்ந்து 8 ஜிபி ரேமை விழுங்கி, மவுஸ் நகர மறுத்தபோது சிரிப்பு வரவில்லை. அதிலிருந்து எதை வாங்கினாலும் நான் முதலில் பார்ப்பது இதுதான்: ஸ்க்ரூ டிரைவர் நுழையுமா?

எது வேண்டும், எது வேண்டாம்

படிக்கிற பிள்ளைக்கும் முதல் வேலையில் சேர்ந்தவருக்கும் 16 ஜிபி ரேம், ஃபைல்களைச் சேமிக்க 512 ஜிபி எஸ்எஸ்டி, 1920×1080 ஐபிஎஸ் திரை (பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் வெளுக்காதது) போதும். பைத்தான், ஜாவா, வெப் எல்லாம் இதில் ஓடும். ஆண்ட்ராய்டு ஆப் எழுதும் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவை, திரைக்குள்ளேயே ஒரு போனை ஓட்டிக் காட்டும் எமுலேட்டரோடு திறந்தால் 16 ஜிபியே கொஞ்சம் இறுக்கிப் பிடிக்கும். அதனால் இன்னொரு ரேம் போட ஸ்லாட் காலியாக இருக்கிறதா என்று கேளுங்கள். வாங்கும்போது 8 ஜிபி இருந்தால்கூடப் பரவாயில்லை, பிறகு ஏற்றிக்கொள்ளலாம். ஸ்லாட்டே இல்லையென்றால் அதோடு கதை முடிந்தது. மாடல் விவரத்தில் ‘எல்பிடிடிஆர்’ என்று கண்ணில் பட்டால் அது அநேகமாகப் பற்றவைத்த ரேம்தான்.

“மெஷின் லேர்னிங் படிக்கப் போறேன்க்கா, கேமிங் லேப்டாப் வேணும்” என்று வருகிற பையன்கள் உண்டு. அப்பாவிடம் சொல்வதற்கு வசதியான காரணம், தெரியும். கூகுள் கொலாப், காகிள் என்ற இணையதளங்களில் அதற்கு வேண்டிய கிராஃபிக்ஸ் சிப், அதாவது ஜிபியு, இலவசமாகவே கிடைக்கிறது. நேரக் கட்டுப்பாடு இருக்கும், ஆனால் முதல் வருஷம் படிக்க அது தாராளம். கேம் விளையாடத்தான் வேண்டும் என்றால் நேராகச் சொல்லி வாங்குங்கள், தப்பில்லை.

ஐபோனுக்கு ஆப் எழுதுவதுதான் தொழில் என்றால் மேக் இல்லாமல் ஆகாது. அதற்கான மென்பொருளான எக்ஸ்கோடு வேறெதிலும் ஓடாது. மேக்புக் ஏர் நல்ல யந்திரம்தான், மின்விசிறிச் சத்தம்கூட இல்லை. ஆனால் என் சோதனையில் தோற்கிற யந்திரம். வாங்குகிற அன்று எடுத்த ரேம்தான் கடைசிவரை. ஆகவே 16 ஜிபிக்குக் கீழே போகாதீர்கள். பழையதில் 8 ஜிபி மலிவாகக் கிடைத்தாலும் சரி.

பழசு வாங்குவது எப்படி

இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் காசு மிச்சமாவதும் ஏமாறுவதும் இங்கேதான்.

பெரிய கம்பெனிகள் மூன்று நான்கு வருஷத்துக்கு ஒருமுறை மொத்தமாக லேப்டாப்பை மாற்றும். கழித்துப்போட்டவை சுத்தம் செய்யப்பட்டு ரிச்சி தெருவுக்கு வரும். நம் பக்கத்திலிருந்து மெட்ரோ ஏறி அரசினர் தோட்டத்தில் இறங்கினால் நடக்கிற தூரம்தான். சனிக்கிழமை காலையில் போங்கள், ஞாயிறு பல கடைகள் மூடிக்கிடக்கும். பர்மா பஜாரில் சார்ஜர், கேபிள் பார்க்கலாம். லேப்டாப்புக்கு ரிச்சி தெருதான்.

கேட்க வேண்டியது ஆபீஸ் ரகம்: திங்க்பேட் டி480, டெல் லேட்டிட்யூட் 7490, எச்பி எலைட்புக் 840 ஜி5. மூன்றிலும் ரேமுக்கு இரண்டு ஸ்லாட். பெயர் ஒட்டி வரும் உறவுக்காரர்களிடம் ஜாக்கிரதை. டி480எஸ் என்று ஒரு எழுத்து கூடினால் ஒரு ரேம் போர்டில் ஒட்டியிருக்கும், ஸ்லாட் ஒன்றுதான். எக்ஸ்1 கார்பன் கையில் எடுத்தால் இறகு மாதிரி இருக்கும், ரேம் முழுக்கப் பற்றவைத்தது.

அப்புறம் கடைக்காரர் “ஐ7 தரேன்மா, அதே ரேட்டு” என்பார். ஐ5, ஐ7 எல்லாம் இன்டெல் பிராசசரின் ரகங்கள். ஐ7 என்றதும் மயங்கிவிடாதீர்கள். ஐ7-7600யூ என்பதில் வேலை செய்யும் கோர் இரண்டே. அடுத்த தலைமுறை ஐ5-8250யூ என்பதில் நான்கு கோர். நடுவில் உள்ள ‘-’ கோட்டுக்குப் பிறகு வரும் எண்ணின் தொடக்கம்தான் தலைமுறையைச் சொல்லும். எட்டாம் தலைமுறைக்குக் கீழே வாங்க வேண்டாம். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துபோனது. விண்டோஸ் 11 பொதுவாக எட்டாம் தலைமுறையிலிருந்துதான் முறைப்படி ஏறும்.

நான் ஏமாந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். இரண்டாவது லேப்டாப்பை ஒரு கடையில் 24,000 ரூபாய்க்கு வாங்கினேன். நான்கு நாள் நன்றாக ஓடியது. ஐந்தாம் நாள் விண்டோஸை முழுக்கத் துடைத்துப் புதிதாகப் போட்டேன். வைஃபை பாஸ்வேர்டு கொடுத்தேன். திரையில் எனக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு கம்பெனியின் பெயர் வந்து, “உங்கள் அலுவலகக் கணக்கில் உள்நுழையுங்கள்” என்று நின்றுவிட்டது. பழைய கம்பெனி தன் பட்டியலிலிருந்து அந்த யந்திரத்தை நீக்காமலேயே விற்றிருக்கிறது. கடைக்காரரிடம் போனால், “நெட் கனெக்ட் பண்ணாம இன்ஸ்டால் பண்ணும்மா, ஒண்ணும் கேக்காது” என்கிறார்! பில்லில் ‘லேப்டாப் - 1’ என்று மட்டும் எழுதியிருந்தது. அது இந்த யந்திரம்தான் என்று நிரூபிக்கவே இரண்டு சனிக்கிழமை போனது. மூன்றாவது சனிக்கிழமை நைனா கூட வந்தார். அவர் ஒன்றுமே பேசவில்லை, கடை வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். அரை மணி நேரத்தில் வேறு யந்திரம் கைக்கு வந்தது.

ஆகவே கடையில் இதைச் செய்யுங்கள். காசு கொடுப்பதற்கு முன் விண்டோஸை ரீசெட் செய்யச் சொல்லி, உங்கள் போன் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து, முதல் செட்டப்பை உங்கள் கண்முன் முடிக்கச் சொல்லுங்கள். நேரம் பிடிக்கும், டீ குடித்துவிட்டு வாருங்கள். மறுப்பவர் கடையில் வாங்க வேண்டாம். விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை செட்டிங்கான பயாஸுக்குள் போய்ப் பாருங்கள். பாஸ்வேர்டு கேட்டால் அந்த யந்திரம் வேண்டவே வேண்டாம். பில்லில் மாடலும் சீரியல் நம்பரும் இருக்க வேண்டும், அடிப்பக்கத்தில் ஒட்டியிருக்கும் எண்ணும் பயாஸில் தெரியும் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும்.

கையில் ஒரு பென் டிரைவ் கொண்டுபோங்கள், அதில் லினக்ஸ் மின்ட் (விண்டோஸ் மாதிரி ஓர் இலவச இயங்குதளம்) போட்டு வையுங்கள். இன்ஸ்டால் செய்யாமலே அதிலிருந்து பூட் ஆகும். வைஃபை, கேமரா, ஸ்பீக்கர், மைக் எல்லாம் பத்து நிமிஷத்தில் தெரிந்துவிடும். ஒரு எடிட்டரைத் திறந்து ஒவ்வொரு கீயாக அழுத்துங்கள், ஒன்றையும் விடாமல். எல்லா யுஎஸ்பி துளையிலும் பென் டிரைவைச் செருகிப் பாருங்கள். திரையை வெள்ளை, கறுப்பு என மாற்றிப் புள்ளி தேடுங்கள், பக்கவாட்டில் சாய்ந்தும் பாருங்கள். சாய்த்ததும் நிறம் வெளுத்தால் அது டிஎன் திரை. டி480யில் 1366×768 டிஎன் திரையோடும் நிறைய சுற்றுகின்றன, விலை குறைவாக இருப்பதற்கு அதுவும் காரணம். பேட்டரிக்கு, தயாரித்தபோது எவ்வளவு கொள்ளளவு, இப்போது எவ்வளவு என்று விண்டோஸின் பேட்டரி ரிப்போர்ட் இரண்டு எண் காட்டும். பாதிக்கும் கீழே போயிருந்தால் புது பேட்டரிக்கான காசை விலையில் குறைத்துப் பேசுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் திறப்பு விழா. டி480யில் வெளியே ஒரு பேட்டரி, உள்ளே ஒரு பேட்டரி. பயாஸில் போய் உள் பேட்டரியை அணைக்க ஒரு வசதி உண்டு, முதலில் அது. பிறகு வெளிப் பேட்டரியைக் கழற்றுங்கள். அடிமூடியில் ஆறு ஸ்க்ரூ. அவை தளர்ந்தபின் மூடியிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும், கீழே விழாது. “இத டிசைன் பண்ணவன் மெக்கானிக்கு” என்று நைனா பாராட்டிய ஒரே லேப்டாப் இதுதான். மூடியை நகத்தால் நெம்பாதீர்கள், பழைய ஏடிஎம் கார்டு போதும். ரேமைச் சாய்வாக நுழைத்துக் கீழே அழுத்தினால் இரண்டு பக்கமும் ‘டிக்’ என்று கொக்கி பிடிக்கும். சத்தம் வரவில்லையென்றால் சரியாக உட்காரவில்லை. ரேம் விலை 2025ல் ஏற ஆரம்பித்தது. அதனால் ரேமோடு சேர்த்து என்ன விலை என்று கடையிலேயே பேசிவிடுங்கள், தனியாக வாங்கினால் கையைக் கடிக்கும். டைப்-சி துளைக்காக ஒரு ஃபர்ம்வேர் (சிப்புக்குள் ஓடும் மென்பொருள்) அப்டேட் இருக்கிறது, அதையும் அன்றே போட்டுவிடுங்கள்.

நம் வீட்டுக்கென்று சில

வடசென்னையில் கடல் நம் கூடவே குடியிருக்கிறது. ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் ஜன்னல் ஓரம் லேப்டாப்பை வைப்பவர்களுக்கு யுஎஸ்பி துளையில் பச்சையாகக் களிம்பு ஏறும், கீலுக்குள் துரு பிடிக்கும். நான் இரவில் அதை ஒரு எவர்சில்வர் டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடி வைக்கிறேன். அம்மாவின் முறுக்கு டப்பா. அம்மாவுக்கு இதில் இன்றுவரை சம்மதமில்லை.

லேப்டாப்பின் மேல் கை வைத்தால் ‘ஜிவ்’வென்று இழுக்கிறதா? பயந்து கடைக்கு ஓடாதீர்கள். சார்ஜருக்குள் இரைச்சலை வடிகட்டும் கெப்பாசிட்டர் வழியாக மிகச் சிறிய மின்சாரம் கசிவது வழக்கம். எர்த் இருந்தால் அது அந்த வழியில் போய்விடும். இரண்டு பின் பிளக்கிலோ, மூன்று பின் இருந்தும் எர்த் கம்பியே இல்லாத பழைய வீட்டுப் பிளக்கிலோ போட்டால் உலோக உடம்பு வழியாக நம் கைக்கு வரும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் பாருங்கள். லேப்டாப்புக்காக மட்டும் சொல்லவில்லை, அதே வீட்டில் வாஷிங் மெஷினும் இருக்கிறது.

கரண்ட் போனால் லேப்டாப் ஓடும், ரவுட்டர் நின்றுவிடும். பெரும்பாலான ரவுட்டர்கள் 12 வோல்ட்டில் ஓடுபவை. அதற்கென்றே சின்ன யுபிஎஸ் வருகிறது, சோப்புப் பெட்டி அளவு. வீட்டிலிருந்து வேலை செய்கிறவருக்கு இதைவிடப் பயனுள்ள செலவு கிடையாது. ரவுட்டரின் அடியில் வோல்ட்டும் ஆம்பியரும் எழுதியிருக்கும், பார்த்து வாங்குங்கள்.

கீபோர்டு

வண்ணாரப்பேட்டையில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் லோயர், ஹையர் இரண்டும் முடித்தவள் நான். நிமிடத்துக்கு 30 வார்த்தை, பிறகு 45. அந்த இரும்பு மெஷினில் சுண்டுவிரல் வலிக்க ‘ஏ’ அடித்துப் பழகியவர்களுக்கு லேப்டாப் கீபோர்டு அப்பளம் மாதிரி. அதனால் ஒவ்வொரு கீக்கும் தனி ஸ்விட்ச் இருக்கும் மெக்கானிக்கல் கீபோர்டு மேல் ஆசை வந்தது. உங்களுக்கும் வரும்.

மெடிக்கல் ஷாப்பில் பில் போடும்போது ‘டக் டக்’கென்று ஒரு சத்தம் கேட்டிருப்பீர்கள். பெரும்பாலும் அது டிவிஎஸ் கோல்டு என்ற மெக்கானிக்கல் கீபோர்டு. பட்டறைச் சாமான் மாதிரி உழைக்கும். ஆனால் ஒரே அறையில் நான்கு பேர் தூங்குகிற வீட்டுக்கு அது ஆகாது. நான் முதலில் வாங்கியது புளூ ஸ்விட்ச். இரவு ஒரு மணிக்கு ஒரு பிழையைத் துரத்திக்கொண்டிருந்தபோது சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பக்கத்து வீட்டு ஆயா, “இன்னாமா, இந்நேரத்துக்கு அரிசி பொரிக்கற?” என்று கேட்டார். மறுவாரம் மாற்றிவிட்டேன். புளூ என்றால் கிளிக் சத்தம். பிரவுன் என்றால் நடுவில் ஒரு சின்ன முட்டு, சத்தம் குறைவு. ரெட் வழுக்கிக்கொண்டு இறங்கும். வீட்டில் மற்றவர்கள் இருந்தால் பிரவுன் அல்லது ரெட்.

இதிலும் என் பழைய கேள்விதான்: ‘ஹாட் ஸ்வாப்’ இருக்கிறதா? இருந்தால் ஒரு கீ செத்துப்போனால் அந்த ஸ்விட்சை மட்டும் பிடுங்கிவிட்டுப் புதியதைச் செருகலாம், சால்டரிங் வேண்டாம். உப்புக் காற்றில் என்னுடைய ஸ்பேஸ் பார் ஸ்விட்ச் இரண்டு முறை போய்விட்டது. இரண்டு முறையும் ஐந்து நிமிஷ வேலை.

பட்ஜெட்டே இல்லையென்றால் மெக்கானிக்கல் தேவையில்லை. சாதாரண யுஎஸ்பி கீபோர்டு ஒன்று வாங்கி, லேப்டாப்பை நான்கு பழைய கைடு புத்தகங்களின் மேல் தூக்கி வையுங்கள். திரை கண் உயரத்துக்கு வரும், கழுத்து பிழைக்கும். இதைச் செய்யாமல் பத்தாயிரத்துக்குக் கீபோர்டு வாங்கி என்ன பயன்?

தமிழிலும் எழுதுகிறவரென்றால் தமிழ்99 விசைப்பலகை முறையைக் கற்றுக்கொள்ளுங்கள். 1999ல் தமிழ்நாடு அரசு தரப்படுத்திய அமைப்பு. உயிர் இடது கைக்கு, மெய் வலது கைக்கு. ‘அம்மா’ என்று அடிக்க நான்கே தட்டு: அ, ம, ம, ஆ. ஒரே மெய் அடுத்தடுத்து வந்தால் புள்ளியை அதுவே வைத்துக்கொள்ளும்.

டூல்ஸ்

சீக்கிரம் முடித்துவிடலாம். நிரல் எழுத விஎஸ் கோடு, அதன் ஒவ்வொரு மாற்றத்தையும் சேமித்து வைக்கும் கிட், கட்டளை தட்ட ஒரு டெர்மினல், பிரவுசரின் டெவலப்பர் டூல்ஸ். இவை நான்கும் இலவசம். லினக்ஸ் போடத் தயக்கமாக இருந்தால் விண்டோஸுக்குள்ளேயே டபிள்யுஎஸ்எல் என்ற வசதி வழியாக உபுண்டு என்ற லினக்ஸை ஓட்டலாம். எடிட்டரில் எந்த கலர் தீம் என்று மூன்று நாள் தேடுகிறவர்களை எனக்குத் தெரியும், நானும் அதில் ஒருத்தி. கிட்டை முதல் நாளிலிருந்தே பழகுங்கள். ‘ஃபைனல்’, ‘ஃபைனல் 2’, ‘ஒரிஜினல் ஃபைனல்’ என்று ஃபோல்டர் வைத்திருப்பவர் வீட்டில் ஒருநாள் ஹார்டு டிஸ்க் போகும். சொந்தமாக எழுதிய நிரலை வெளியே ஒரு கிட் சர்வரிலும் ஏற்றி வையுங்கள்.

ஏஐ உதவியாளர்களை நானும் தினமும் பயன்படுத்துகிறேன். முதல் ஆறு மாதத்துக்கு மட்டும், பிழைச் செய்தியை அதனிடம் ஒட்டுவதற்கு முன் நீங்களே ஒருமுறை கடைசி வரிவரை படியுங்கள். பாதி நேரம் எந்த ஃபைலில், எந்த வரியில் என்று அதிலேயே எழுதியிருக்கும்.

எங்கே படிப்பது

காசு கட்டிப் படிக்கும் கோர்ஸ்களுக்கு ஓடுவதற்கு முன் இலவசமாக இருப்பதைத் தீர்த்துவிடுங்கள். என்பிடெல் என்ற இணையப் பாடத்திட்டம் 2003ல் ஐஐடிகளும் ஐஐஎஸ்சியும் சேர்ந்து தொடங்கியது. பாடம் இலவசம், தேர்வெழுதிச் சான்றிதழ் வாங்கத்தான் கட்டணம். வெப் படிப்பவருக்கு ஃப்ரீகோடுகேம்ப், எம்டிஎன் என்ற தளங்கள். அடித்தளம் வேண்டுமென்றால் ஹார்வர்டின் சிஎஸ்50, கஷ்டமாக இருக்கும், ஆனால் நேர்மையான பாடம். ஆங்கிலம் தடுக்கிறது என்றால் கணியம் தளத்தில் லினக்ஸ், பைத்தான், மைஎஸ்க்யூஎல் புத்தகங்கள் தமிழிலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. சென்னை லினக்ஸ் பயனர் குழுவின் கூட்டங்களுக்கும் போய்ப் பாருங்கள். கேள்வி கேட்டால் யாரும் சிரிக்க மாட்டார்கள். ஐந்து கோர்ஸில் சேராமல் ஒன்றை முடியுங்கள்.

வீட்டில் உட்கார இடமில்லை என்பது நம் ஏரியாவில் நிஜமான பிரச்சினை. கொளத்தூரில் 2024 நவம்பரில் திறந்த முதல்வர் படைப்பகம் இருக்கிறது. படிக்கவும் லேப்டாப்போடு உட்கார்ந்து வேலை செய்யவும் தனித்தனி இடம். எழும்பூர் கன்னிமாராவும் உண்டு, 1896லிருந்து.

பாடம் ஒரு பக்கம் ஓடட்டும். இன்னொரு பக்கம், இருக்கிற ஒன்றைத் திறந்து பாருங்கள். என்னிடம் வருகிறவர்களுக்கு நான் முதலில் கொடுக்கும் வேலை இது: பைத்தானில் ‘தமிழ்’ என்ற சொல்லுக்கு எத்தனை எழுத்து என்று கேளுங்கள். மூன்று என்று வரும் என எல்லோரும் நினைப்பார்கள். ஐந்து என்று வரும். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என, எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் முறையான யூனிகோடு ஐந்தாக எண்ணுகிறது. அதை ஃபைலில் எழுதும் யுடிஎஃப்-8 முறையில் சேமித்தால் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட், ஆக 15. அடுத்து அந்தச் சொல்லைத் தலைகீழாகத் திருப்பச் சொல்லுங்கள். முன்னால் தனியாக ஒரு புள்ளி தொங்கும், அப்புறம் ‘ழிமத’ என்று வரும். மகரத்தின் இகரக் குறி ழகரத்துக்குப் போய்விட்டது! எதிர்வீட்டுப் பையன் இதைப் பார்த்துவிட்டுச் சரிசெய்கிறேன் என்று உட்கார்ந்தான். குறியையும் புள்ளியையும் முன் எழுத்தோடு சேர்த்துக் கட்டி, பிறகு திருப்ப வேண்டும் என்று அவனே கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆனது. போனில், உடைந்த கண்ணாடியில், கொலாபைத் திறந்து செய்தான்.

அவனுக்குத்தான் இந்தச் சனிக்கிழமை ரிச்சி தெரு. பென் டிரைவ் தயார். ஸ்க்ரூ டிரைவரை நைனாவிடம் கேட்க வேண்டும். போன தடவை வாங்கியதை இன்னும் திருப்பித் தரவில்லை என்று முணுமுணுத்துக்கொண்டிருக்கிறார். அது முறுக்கு டப்பாவில் இருக்கிறதா என்று முதலில் பார்க்கிறேன்.